250 ஓம் ஹெட்போன், பத்தாயிரம் பட்ஜெட்: எனக்கு வேண்டியது டாக்-ஆ, ஆம்ப்-ஆ?

#1 கோவை_ராகம்

வணக்கங்க. ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு. நீளமாப் போச்சுன்னா பொறுத்துக்கங்க.

போன மாசம் பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ வாங்கினேன், 250 ஓம் மாடல். அசெம்பிள் பண்ண கம்ப்யூட்டர், கேபினெட் முன்பக்க ஓட்டையில சொருகித்தான் கேக்கறேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல பையன் தூங்கின பிறகு உக்காருவேன். எண்பதுகளோட சினிமாப் பாட்டு, வயலின் கச்சேரி, அப்புறம் எங்கப்பா கேசட்ல பதிஞ்சு வெச்சிருந்த கோயில் நாதஸ்வரம் (நான் கம்ப்யூட்டருக்கு மாத்தினது). இதுதான் என் சரக்கு.

மூணு குறை. ஒண்ணு, சத்தம் பத்தலை, கேசட் ஃபைலுக்கு 100 வெச்சாலும் பத்தலை. ரெண்டு, மவுசை நகத்தினா காதுக்குள்ள 'கிர்ர்'னு ஒரு பூச்சி ஓடுது. மூணு, பாடகிகள் 'ச' சொல்றப்பெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்கு.

இங்க ஒரு கடையில கேட்டேன். ஏதோ ஒரு சில்லு பேரைச் சொல்லி, அது இருக்கற டாக் (டிஜிட்டல் ஃபைலை ஒலி சிக்னலா மாத்தற பெட்டி) இருபதாயிரத்துக்குக் குறைஞ்சு கிடையாது, அதை வாங்கினா மூணும் சரியாயிரும்னாங்க. என்கிட்ட பத்துதாங்க இருக்கு. இழுத்துப் புடிச்சா இன்னும் கொஞ்சம் வரும். என்ன பண்ணட்டும்?

#2 பாஸ்_பாண்டி

ஃபியோ கே11 வாங்கு ப்ரோ, டாக்கும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில. மேட்டர் ஓவர்.

#3 சாலிடர்_தாத்தா

பாண்டி, கொஞ்சம் பொறு. அவர் மூன்று நோய் சொல்லியிருக்கிறார். மூன்றுக்கும் ஒரே மாத்திரை எழுதிக் கொடுக்காதே.

தம்பி, முதலில் சத்தக் கணக்கு. உங்கள் ஹெட்போனுக்கு கம்பெனி தரும் எண், ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 250 ஓமில் ஒரு மில்லிவாட் என்றால் அரை வோல்ட். வோல்ட் இரட்டித்தால் 6 டெசிபல் ஏறும். ஆக அரை வோல்ட்டுக்கு 96, ஒரு வோல்ட்டுக்கு 102, இரண்டு வோல்ட்டுக்கு 108. வீட்டில் ராத்திரி கேட்பவர் சராசரியாக 75 பக்கம் வைப்பார். தவில்காரர் ஓங்கி ஒரு அடி அடிக்கும்போது அதற்கு மேல் இருபது, இருபத்தைந்து எகிறும். அதாவது நூறுக்குள் அடங்கிவிடும், ஒரு வோல்ட் போதும். ஆனால் அப்பாவின் கேசட்டை நீங்கள் மாற்றும்போது அளவைத் தாழ்த்திப் பதிந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஃபைலின் உச்சமே முழு அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு டெசிபல் கீழே நின்றால், அந்த ஒரு வோல்ட் உங்களுக்குக் கால் வோல்ட்டாகத்தான் வந்து சேரும். இது ஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் பகுதியின் விஷயம். டாக் எவ்வளவு உசத்தி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது, பூச்சி. முன்பக்க ஓட்டைக்குப் போகும் வயர் கிராஃபிக்ஸ் கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) உரசிக்கொண்டுதான் போகிறது. காசில்லாத சோதனை ஒன்று: பின்பக்கம் மதர்போர்டில் இருக்கும் பச்சை ஓட்டையில் சொருகிப் பாருங்கள்.

காசில்லாத சோதனை இரண்டு: யாரிடமாவது ஆப்பிளின் யூஎஸ்பி-சி ஹெட்போன் டாங்கிள் இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்குங்கள். 2018-ல் 9 டாலருக்கு வந்த சின்ன வால். அதற்குள் ஒரு டாக்கும் ஆம்ப்பும் இருக்கிறது. அமெரிக்க மாடல் ஒரு வோல்ட் தரும், ஐரோப்பிய மாடல் அதில் பாதி. கம்ப்யூட்டரில் சொருகிக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். அதுவரை பர்ஸைத் திறக்க வேண்டாம்.

மூன்றாவது குறையைக் கடைசியில் பார்ப்போம். அது அந்த ஹெட்போனின் பிறவிக் குணம்.

#4 மரப்பெட்டி

தாத்தா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் வோல்ட்டில் அளந்துவிட முடியாது. என்னிடம் ஆர்-2ஆர் வகை (மின்தடைகளை ஏணி போல அடுக்கிய) டாக் ஒன்றும் சின்ன வால்வு ஆம்ப் ஒன்றும் இருக்கின்றன. என் டிடி 990 அதில் குத்துவதே இல்லை. வயலின் நரம்பில் வில் உராய்வது தெரியும், ஆனால் கூர்மை கிடையாது. அளவீட்டில் இது டாங்கிளைவிட மோசமாகத்தான் வரும், தெரியும். இருந்தும் ராத்திரி இரண்டு மணி வரை காது களைக்காமல் கேட்கிறேன். ராகம் இதையும் ஒரு முறை காதால் கேட்டுப் பார்க்கலாம்.

#5 கோவை_ராகம்

தாத்தா சார், ரெண்டு சோதனையும் பண்ணிட்டேனுங்க.

பின்பக்கம் மாத்தினதும் பூச்சி முக்கால்வாசி போயிருச்சு. காதைக் கூர்மையா வெச்சாத்தான் கேக்குது. அப்புறம் மச்சினன்கிட்ட டாங்கிள் வாங்கிச் சொருகினேன். பூச்சி சுத்தமா இல்லை! பாட்டுக்கு நடுவுல அமைதின்னா இப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது. சினிமாப் பாட்டுக்கு 70 வெச்சாலே போதுது. கேசட் நாதஸ்வரத்துக்கு மட்டும் 100-லயும் ஏக்கமாத்தான் இருக்கு. நீங்க சொன்ன கணக்கேதான்.

ஒரு சந்தேகம். அதே டாங்கிளை என் ஆண்ட்ராய்டு போன்ல போட்டா கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி வருது. டாங்கிள் கோளாறா?

#6 யாழ்_வில்லு

டாங்கிள் பிழை இல்லை அண்ணை. அதுக்குள்ள தனியா ஒரு ஒலியளவுக் கட்டுப்பாடு இருக்குது. ஐபோனும் கம்ப்யூட்டரும் அதைத் தூக்கி முழுசா வைக்கும். ஆண்ட்ராய்டு போன் கனக்க அதைத் தொடாமலே விட்டிடும், நீங்கள் திரையில எவ்வளவு கூட்டினாலும் அந்தக் குழாய் பாதியிலதான் நிக்கும். யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ எண்ட செயலி அதை நேரடியாத் திறக்கும். நானும் இதே டாங்கிளை வாங்கி, பழுதெண்டு நினைச்சு ஒரு கிழமை லாச்சிக்குள்ள போட்டு வைச்சனான்.

பகிடி ஒண்டு: 250 'ஓம்' எண்டு தலைப்பைப் பாத்ததும், ஆரோ இருநூற்றைம்பது தரம் 'ஓம் ஓம்' எண்டு தலையாட்டினது போல இருந்தது. எங்கட பக்கம் ஓம் எண்டால் ஆமாம்.

#7 சாலிடர்_தாத்தா

யாழ் தம்பி, அந்த இருநூற்றைம்பதும் உண்மையில் மறுப்புத்தான். ஓம் கூடக் கூட கரண்ட், 'வரமாட்டேன்' என்கிறது!

மரப்பெட்டி, உங்கள் காதை நான் சந்தேகப்படவில்லை. நீங்கள் கேட்பது அளவீட்டிலும் இருக்கிறது. ஓவர்சாம்பிளிங் (ஃபைலின் புள்ளிகளுக்கு நடுவே புதுப் புள்ளிகள் சேர்ப்பது) இல்லாமல் ஓடும் ஆர்-2ஆர் டாக், சிடி ஃபைலில் 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபலும் 20-ல் மூன்று டெசிபலுக்கு மேலும் தணிந்துதான் வரும். படிக்கட்டு அலையின் இயல்பே அது. வால்வு ஆம்ப்பின் வெளியீட்டு மின்தடை அதிகமாக இருந்தால், டிடி 990-ன் ஓம் எகிறும் கீழ்ச்சுருதிப் பகுதியில் பாஸ் கொஞ்சம் உப்பும். மேலே தணிவு, கீழே உப்பல். அதைத்தான் 'இதம்' என்கிறீர்கள். உங்களுக்குப் பிடித்திருக்கிறது, நியாயம். ஆனால் ராகத்திடம் இருப்பது பத்தாயிரம். அந்த இதத்தை ஈக்வலைசரில் ஓசியாகவே செய்துகொள்ளலாம் என்பதுதான் என் கட்சி.

இனி கடைக்காரர் சொன்ன சில்லுக் கதை. 2020 அக்டோபர் 20-ல் ஜப்பானில் மியாசாகி மாவட்டம் நொபெயோகாவில் ஏகேஎம் கம்பெனியின் சில்லு ஆலை தீப்பிடித்தது. அணைக்கவே நாள்கணக்கானது. அதுவரை பாதி உலகம், இன்னொரு டாக் சில்லுக் கம்பெனியான ஈஎஸ்எஸ்ஸோடு ஒப்பிட்டு, 'ஏகேஎம் என்றால் வெல்வெட், ஈஎஸ்எஸ் என்றால் கண்ணாடி' என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. தீ விபத்துக்குப் பிறகு சில்லு கிடைக்காமல் கம்பெனிகள் ஒவ்வொன்றாக போர்டை மாற்றி ஈஎஸ்எஸ்ஸுக்கோ சிரஸ் லாஜிக்குக்கோ போயின. ஃபியோவின் கே5 ப்ரோகூட அப்படித்தான் ஈஎஸ்எஸ் மாடலாக மறுபடி வந்தது. வெல்வெட்டும் கண்ணாடியும் எங்கே போயின? சில்லைச் சுற்றியிருக்கும் மின்சாரம், ஃபில்டர், வெளியீட்டு ஆம்ப், இவற்றை ஒழுங்காகக் கட்டினால் எந்தச் சில்லும் காதுக்கு எட்டாத அளவுக்குச் சுத்தமாக வந்துவிடுகிறது. சிடி என்பது 16 பிட், அதில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடைவெளி 96 டெசிபல் சொச்சம். உங்கள் அப்பாவின் கேசட் அதில் பாதியைத் தாண்டியிருந்தால் பெரிய விஷயம். அதற்கு 120 டெசிபல் டாக் வாங்குவது, வாய்க்கால் தண்ணீருக்கு மேட்டூர் மதகு வைப்பது மாதிரி.

#8 பாஸ்_பாண்டி

தாத்தா, அந்த ஓ2 ஆம்ப் கதையைச் சொல்லுங்க. புதுசா வந்தவங்களுக்குத் தெரியாது.

#9 சாலிடர்_தாத்தா

நீ கேட்டுவிட்டாய், இனி நிறுத்த முடியாது.

2011-ல் 'நவ்-ஏவி-கை' என்ற புனைபெயரில் ஒருவர் வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தார். ஆள் யார், எங்கே இருக்கிறார், இன்றுவரை வெளியே வரவில்லை. விலையுயர்ந்த ஆம்ப்களை அளந்து மானத்தை வாங்கினார். 'முடிந்தால் நீ ஒன்று செய்து காட்டு' என்றார்கள். செய்து, வரைபடத்தைப் பொதுவில் வைத்துவிட்டார். அதுதான் ஓ2. உள்ளே அபூர்வமாக எதுவும் இல்லை. என்ஜேஎம்2068, என்ஜேஎம்4556ஏ, கடையில் சில்லறையாகக் கிடைக்கிற ஆப்-ஆம்ப்கள், அதாவது சிக்னலைப் பெருக்கும் சில்லுகள். யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம், ஆனால் வடிவமைப்பில் கை வைக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை. 2012 நடுவில் எழுதுவதை நிறுத்தினார், அதோடு சரி. அந்த வருடக் கடைசியில் அமெரிக்காவின் ஷீட் கம்பெனி மேக்னி ஆம்ப்பையும் மோடி டாக்கையும் ஆளுக்கு 99 டாலருக்கு இறக்கியது. நூறு டாலருக்குள் நல்ல ஆம்ப் முடியாது என்ற பேச்சு அத்தோடு நின்றது.

நான் அப்போது திருச்சியில். 2012-ன் மின்வெட்டு நினைவிருக்கும், கரண்ட் இருந்த நேரத்தை எண்ணிவிடலாம். ஓ2 இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் என்பதால்தான் அதில் கை வைத்தேன். போர்டு வந்துவிட்டது. அதற்கு வேண்டியது ஏசி வெளிவரும் அடாப்டர், இங்கே கிடைப்பதெல்லாம் டிசி. கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, டிபன் பாக்ஸில் அடைத்து, இரண்டு வயர் வெளியே இழுத்தேன். வீட்டுக்காரம்மாவின் டிபன் பாக்ஸ். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. ஆம்ப் இன்றும் ஓடுகிறது.

'ஆம்ப்பின் வெளியீட்டு மின்தடை ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்கட்டும்' என்ற விதியைப் பரப்பியதும் அவர்தான். 250 ஓம்காரருக்கு அது பிரச்சினையில்லை. 16 ஓம் இயர்போன்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு ஓமுக்கு மேல் வேண்டாம்.

#10 கோவை_ராகம்

இதெல்லாம் படிச்சு ரெண்டு ஆப்ஷனுக்கு வந்திருக்கேனுங்க. ஒண்ணு, சிரஸ் சிஎஸ்43131 சில்லு போட்ட 2 வோல்ட் டாங்கிள். ரெண்டு, பாண்டி சொன்ன கே11, ஒருத்தர் ஆறு மாசம் ஓட்டினதைப் பட்ஜெட்டுக்குள்ளயே தர்றேங்கறார். டேபிள்ல பவர்டு ஸ்பீக்கர் (உள்ளயே ஆம்ப் இருக்கறது) ஜோடி ஒண்ணும் இருக்கு, பகல்ல அதுதான் ஓடும்.

அப்புறம், கே11-ல 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஓட்டை இருக்கே, அதுலதான் நெசமான சவுண்டுன்னு ஒரு வீடியோவுல பாத்தேன். 3.5-ல இருந்து 4.4-க்கு மாத்துற அடாப்டர் முந்நூறு ரூபாய்க்கு வருது. போட்டுரட்டுமா?

#11 சாலிடர்_தாத்தா

அந்த அடாப்டரைத் தொடாதீர்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

பேலன்ஸ்டு ஆம்ப்பில் இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனி மைனஸ், இரண்டிலும் சிக்னல் ஓடும். உங்கள் டிடி 990 ப்ரோவின் சுருள் வயரில் இருப்பது மூன்று கம்பிதான், மைனஸ் பொது. அதை அந்த அடாப்டரில் போட்டால் ஆம்ப்பின் இரண்டு வெளியீடும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். பாதுகாப்புச் சுற்று இருந்தால் பிழைக்கும், இல்லையென்றால் புகைதான். வயரும் கழற்ற முடியாதது. ஆகவே 4.4 ஓட்டை உங்களுக்குச் சுவரில் இருக்கும் அலங்கார ஜன்னல். அங்கே கிடைப்பது வோல்ட் இரட்டிப்பு மட்டும்தான், உங்களுக்குச் சாதாரண 6.35-லேயே தேவைக்கு மேல் வருகிறது. ஹெட்போனோடு வந்த திருகு அடாப்டரை மாட்டினால் நேராக உள்ளே போகும்.

டாங்கிளா கே11-ஆ என்றால், ஹெட்போனுக்கு மட்டும் என்றால் டாங்கிள் என்பேன். இரண்டு வோல்ட், 108 டெசிபல், போதும் போதும். ஆனால் உங்களுக்கு ஸ்பீக்கரும் இருக்கிறது. கையில் திருகுகிற வால்யூம் குமிழ், பின்னால் ஸ்பீக்கர் மாட்டும் ஆர்சிஏ ஓட்டை, இரண்டும் தினமும் உதவும். செகண்ட்ஹேண்ட் விலை ஒத்துவந்தால் கே11 எடுங்கள். காசு போவது வசதிக்கு. காதுக்கு இரண்டும் ஒன்றுதான், தெரிந்தே கொடுங்கள்.

#12 மரப்பெட்டி

"காதுக்கு இரண்டும் ஒன்றுதான்" — இதை நீங்கள் நிரூபித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

#13 சாலிடர்_தாத்தா

நியாயமான கேள்வி. நீங்களே வீட்டில் பார்க்கலாம். இரண்டையும் 0.1 டெசிபலுக்குள் சமமாக்க வேண்டும், அதாவது வோல்ட்டில் ஒரு சதவீதச் சொச்சம். கொஞ்சம் கூடுதல் சத்தம் இருப்பதைத்தான் காது 'தெளிவு' என்று சொல்லிவிடும். ஹெட்போன் மாட்டிய நிலையிலேயே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளங்கள். எல்லோரும் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் போடுவார்கள். மலிவு மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் பொய் சொல்லும், 200 ஹெர்ட்ஸ் போடுங்கள். பிறகு வேறொருவர் மாற்றி மாற்றிச் சொருகட்டும், எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொன்னால் நான் தோற்றேன். உங்கள் வால்வு ஆம்ப்பை எதிரில் வைத்தால் நீங்கள் ஜெயிப்பீர்கள், அதை ஏற்கெனவே ஒத்துக்கொண்டேன். ஒழுங்கான இரண்டு டாங்கிளில் நான் ஐந்து சரி, ஐந்து தவறு. நாணயம் சுண்டியது மாதிரி. வயதான காது என்று பேரனை உட்காரவைத்தேன். அவனுக்கு ஆறு சரி.

#14 கோவை_ராகம்

கே11 வந்திருச்சுங்க! கேசட் நாதஸ்வரம் இப்ப குமிழ் பாதிகூடத் தாண்டலை. அப்பாவை உக்கார வெச்சு மாட்டிவிட்டேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் "நடுவுல இருமறது நம்ம சாமிநாதன்டா"ன்னார். மத்ததெல்லாம் அவருக்குப் பெருசாத் தெரியலை.

ஆனா ஸ்பீக்கரை ஆர்சிஏ-ல மாட்டினதும் 'ஹ்ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம். ஹெட்போன்ல இல்லை, ஸ்பீக்கர்ல மட்டும். கே11 கோளாறா, வித்தவர் ஏமாத்திட்டாரா?

#15 யாழ்_வில்லு

இது கிரவுண்ட் லூப் அண்ணை. கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் வேற வேற பிளக்கில இருந்தால் ரெண்டு எர்த்துக்கும் நடுவில ஒரு சுத்து உருவாகும், அதில கரண்ட் இரைச்சல் ஓடும். எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில போட்டுப் பாருங்கோ. இல்லையெண்டால் மதர்போர்டில ஆப்டிகல் ஓட்டை இருக்கோ பாருங்கோ, கே11-க்கு ஆப்டிகல் போகும். அதில வெளிச்சம்தான் போறது, செம்புத் தொடர்பே இல்லை, லூப் அறுந்திடும். எர்த் பின்னை மட்டும் வெட்டிப் போடாதேங்கோ, சிலபேர் அதைத்தான் முதல்ல செய்யினம்.

#16 சாலிடர்_தாத்தா

தம்பி, ஆப்டிகலுக்கு முன்னால் ஒன்று. செருப்பில்லாமல் நின்று கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இடத்தில், ஒரு ஸ்க்ரூவில், புறங்கை மெதுவாகப் பட்டால் 'ஜிவ்வு' என்று வருமா? இதை இனிச் செய்து பார்க்க வேண்டாம். இதற்கு முன்னால் எப்போதாவது உணர்ந்ததுண்டா என்றுதான் கேட்கிறேன்.

#17 கோவை_ராகம்

வரும்ங்க. ரெண்டு வருஷமா வருது. பென் டிரைவ் சொருகும்போதெல்லாம். கம்ப்யூட்டர்னா அப்படித்தான்னு நெனச்சேன்.

#18 சாலிடர்_தாத்தா

அந்த பிளக்கில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் எர்த்தை நம்பித்தான் இருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் கேபினெட், மெயின்ஸ் வோல்ட்டேஜில் பாதியில், நூற்றுச் சொச்சம் வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் கொஞ்சம், அதனால் ஜிவ்வோடு போகிறது. இப்போது அந்தக் கசிவுக்கு யூஎஸ்பி வயர், கே11, ஆர்சிஏ வழியாக ஸ்பீக்கரின் எர்த்தில் ஒரு வாசல் கிடைத்துவிட்டது. அதுதான் ரீங்காரம். ஆப்டிகல் போட்டால் சத்தம் போய்விடும், ஆனால் ஷாக் அங்கேயே இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இன்றைக்கே. வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான்.

#19 கோவை_ராகம்

வந்து பாத்துட்டுப் போனாருங்க. அந்த ரூம் ஸ்விட்ச் போர்டுல எர்த் கம்பி மாட்டாமயே சும்மா மடிச்சு விட்டிருந்தாங்க, வீடு கட்டின காலத்துல இருந்தே. மாட்டினார். கொல்லைப்பக்க எர்த் குழியும் காய்ஞ்சு கிடந்துச்சு, நாலு குடம் தண்ணி ஊத்தச் சொன்னார். ரீங்காரம் போச்சு, ஜிவ்வும் போச்சு. கூலி ஐந்நூறு.

மூணாவது குறை பாக்கி. ஈக்வலைசர் ஏபிஓ-ங்கற விண்டோஸ் செயலியைப் போட்டேன், எட்டு கிலோஹெர்ட்ஸ் பக்கம் குறைச்சேன். துளி மாத்தம் இல்லை.

#20 யாழ்_வில்லு

பாட்டுப் போடுற செயலியில வாசாபி எக்ஸ்க்ளூசிவ் எண்டு ஏதும் ஓன் பண்ணி வைச்சிருக்கிறீங்களோ? அது விண்டோஸின்ர மிக்சரைத் தாண்டி நேரா டாக்குக்குப் போறது. ஈக்வலைசர் ஏபிஓ நிக்கிறது அந்த மிக்சர் வழியில. தாண்டிப் போனால் அதுக்கு ஒண்டும் கேக்காது.

#21 கோவை_ராகம்

அதேதாங்க. அந்த வீடியோக்காரர் 'பிட் பெர்ஃபெக்ட்', ஃபைல்ல இருக்கறது மாறாம அப்படியே வரும்னு சொல்லி ஆன் பண்ண வெச்சார். ஆஃப் பண்ணினதும் ஊசி மழுங்கிருச்சு. 8 கிலோஹெர்ட்ஸ்ல மைனஸ் 5 டெசிபல், க்யூ (குறைக்கற இடத்தோட அகலம்) 2. முதல்ல டல்லாத் தெரிஞ்சது, மூணு நாள்ல பழகிருச்சு. இப்ப ஆஃப் பண்ணினாத்தான் குத்துது.

#22 மரப்பெட்டி

மைனஸ் 5 அதிகம். மைனஸ் 3 வைத்து, 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றரை கூட்டிப் பாருங்கள். கூட்டினால் மறக்காமல் அந்தச் செயலியில் இருக்கும் ப்ரீஆம்ப்பை (மொத்தச் சத்த அளவை) அதே அளவு கீழே இறக்குங்கள், இல்லையென்றால் உச்சத்தில் கிழியும். என் பெட்டியின் குணம் ஏறக்குறைய இதுதான். ஆமாம், அளந்து பார்த்தேன், தாத்தா. 200 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, மல்டிமீட்டரில் சத்தத்தைச் சமமாக்கி. பெட்டியை விற்பதாக இல்லை.

#23 சாலிடர்_தாத்தா

விற்காதீர்கள். ஒரு நாள் கேட்க வருகிறேன்.

#24 பாஸ்_பாண்டி

ரெண்டாவது பதிவுலயே கே11-னு சொன்னேன். யாராவது கேட்டீங்களா?

#25 கோவை_ராகம்

நீங்க எர்த் குழிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லலையேங்க பாண்டி.